தோளில் கிடந்த துண்டு

"பகுத்தறிவு பேசுகிறீர்கள், படிப்பகம் நடத்துகிறீர்கள், இரவானால் சாமி ஊர்வலத்துக்குப் பின்னால் போகிறீர்களே, இது என்னப்பா நியாயம்?"

ஊர்ப் பெரியவர் ஒருவர் எங்கள் நால்வரையும் தெருமுனையில் நிறுத்திவைத்துக் கேட்ட கேள்வி இது. ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பு, காவிரி பாயும் தஞ்சைத் தரணியின் சிற்றூர் ஒன்றில் நடந்தது. எங்களுள் வாய்த்துடுக்கு மிக்கவர் தையற்காரத் தோழர். அவர் தயங்காமல் சொன்னார்:

"ஐயா! நாங்கள் சாமிக்குப் பின்னால் போகவில்லை. சாமிக்கு முன்னால் போகிறோம். நாயனம் முன்னால்தானே போகிறது!"

பெரியவர் சிரித்துவிட்டார். சிரித்தவர் எங்களோடு சேர்ந்து முன்னாலேயே நடக்கவும் தொடங்கிவிட்டார். ஆண்டவனை அழைத்து வருவது அடியார் கூட்டம் என்பார்கள். ஆனால் அன்றிரவு ஊரை எழுப்பி, வாசலுக்கு இழுத்து வந்து, கால் கடுக்க நிற்கவைத்தது ஓர் ஆச்சாமரக் குழல். அதை ஊதிய மனிதனின் மூச்சு. அந்த மனிதனைக் காணத்தான் நாங்கள் போனோம்.

இன்று விரலால் தொட்டால் பாட்டு வருகிறது. உலகத்தின் எந்த மூலையில் எவர் பாடியதும் நம் சட்டைப்பைக்குள் இருக்கிறது. நல்லதுதான், அறிவியல் தந்த கொடை அது. எனினும், பதிவில் வியர்வை இல்லை. பக்கத்தில் நிற்கும் நண்பனின் பெருமூச்சு இல்லை. "ஆகா!" என்று ஒருவன் தன்னை மறந்து சொல்ல, அதைக் கேட்டுக் கலைஞன் தலையசைத்து, அந்த 'ஆகா'வுக்காகவே இன்னொரு பிடி பிடிக்கிறானே, அந்தக் கொடுக்கல் வாங்கல் இல்லை. இசையை ஊரார் கூடிக் கேட்பது என்பது இதுதான்: கேட்பவனும் அதில் ஒரு கை.

ஆனால், கேட்பவனும் ஒரு கை என்றால், அந்தக் கைக்குப் பொறுப்பும் உண்டல்லவா? அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

*

ஊர்வலம் புறப்படும்போது மல்லாரி. அதற்குச் சொல் கிடையாது, சாகித்தியம் கிடையாது. கம்பீர நாட்டையில் தாளக்கட்டோடு எழும் வெறும் இசை. தவிலின் ஒரு பக்கத்தைக் கோல் அதிரவைக்க, மறுபக்கத்தை விரற்கூடு மாட்டிய விரல்கள் பொரியவைக்கும். கியாசு விளக்குகளின் ஒளியில் நாதசுரக்காரரின் கழுத்து நரம்பு புடைத்து நிற்கும். நாற்சந்தி வந்தால் ஊர்வலம் நின்றுவிடும். அங்கேதான் இராக ஆலாபனை. அரைமணி நேரமா, ஒரு மணி நேரமா, யார் கணக்குப் பார்த்தார்கள்? பல்லக்குத் தூக்கிகள் முட்டுக்கொடுத்துவிட்டு அவர்களும் கேட்பார்கள். நுழைவுச்சீட்டு இல்லை, முன்வரிசை இல்லை, இராகத்தின் பெயர் தெரியவில்லையே என்று யாரும் கூசவில்லை. இசை தெருவில் கிடந்தது, வந்தவரெல்லாம் அள்ளிக்கொண்டார்கள்.

வந்தவரெல்லாம் என்றேன். வர முடியாதவர்களும் இருந்தார்கள்.

எங்கள் கூட்டத்தில் தையற்காரர், பள்ளி ஆசிரியர், தறி நெய்பவர், நான் என்ற நால்வரை மட்டுமே அந்தப் பெரியவர் கண்டார். ஐந்தாமவர் ஒருவர் உண்டு. எங்களோடு ஒரே வகுப்பில் படித்தவர். எங்கள் ஐவரில் தாளம் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். பறை அடிப்பவரின் மகன். ஊர்வலம் போகும் நான்கு வீதிகளிலும் அவர் கால் வைப்பதில்லை. சட்டம் தடுக்கவில்லை, சென்னை மாகாணத்தின் ஆலய நுழைவுச் சட்டம் 1947லேயே வந்துவிட்டது. ஊர் தடுத்தது. ஊரென்றால் யார் என்று கேட்டால் எவரும் முன்வந்து "நான்தான்" என்று சொல்லமாட்டார்கள். அப்படிப்பட்ட தடை அது. கீழ்க்கோடியில், வாய்க்கால் மதகின்மேல் உட்கார்ந்து, காற்றில் வந்ததை அவர் கேட்டுக்கொண்டிருப்பார்.

ஊர்வலம் முடிந்ததும் நாங்கள் மதகுக்கு ஓடுவோம். "இரண்டாம் சந்தியில் தவில்காரர் வைத்த தீர்மானத்தைக் கேட்டீர்களா?" என்று அவர்தான் முதலில் தொடங்குவார். பக்கத்தில் நின்ற எங்களுக்குப் பிடிபடாத கணக்கு, அரைக் கல் தொலைவில் இருந்த அவருக்குப் பிடிபட்டிருக்கும். மதகின் கல்லிலே விரலால் தட்டிக் காட்டுவார்.

ஒருநாள் அவர் கேட்டார்: "நாயனமும் தோல் கட்டிய தவிலும் கோயிலுக்குள் போகின்றன. எங்கள் வீட்டுப் பறையும் தோல்தானே? அது மட்டும் ஏன் வெளியே நிற்கிறது? என்றைக்கு இப்படி ஆயிற்று?"

ஆசிரியத் தோழர் தமிழ் படித்தவர். நிலவொளியில் அவர் சொன்ன கதையை நான் மறக்கவில்லை.

*

கரிகால் வளவன் அவைக்கு ஒரு பொருநன் போகிறான். அவன் கையில் தடாரி, அதுவும் தோற்கருவிதான். உடம்பிலே, வியர்வையில் நனைந்து, பேன் பிடித்து, கிழிந்து தைத்த பழந்துணி. அரசன் என்ன செய்தான்? அவனை அருகே அமரச்செய்தான். பழந்துணியை நீக்கிப் பட்டுடை உடுத்தினான். ஊனும் சோறும் பலநாள் ஊட்டினான். விடைபெற்றபோது, அந்தக் கலைஞனின் பின்னே ஏழடி நடந்து வந்து வழியனுப்பினான். பத்துப்பாட்டில் முடத்தாமக்கண்ணியார் பாடிய பொருநராற்றுப்படை சொல்லும் செய்தி இது.

தொல்காப்பியத்தைப் புரட்டினால் ஒவ்வொரு திணைக்கும் உரிய கருப்பொருள்களின் வரிசையில் பறை இருக்கிறது. தெய்வம், உணவு, மரம், பறவை இவற்றோடு பறை. நிலமொன்று இருந்தால் அதற்கொரு பறை இருந்தாக வேண்டும் என்று இலக்கணம் வகுத்த மொழி இது! புறநானூற்றின் 335ஆம் பாட்டில் துடியன், பாணன், பறையன், கடம்பன் ஆகிய நால்வரும் குடிகளாக எண்ணப்பட்டிருக்கிறார்கள். இழிவின் சாயல் அங்கே இல்லை.

அடுத்து, இராசராசன் காலம். 1010இல் முடிந்த தஞ்சைப் பெரிய கோயிலின் சுவரில், ஆடற்பெண்டிர் நானூற்றுவரின் பெயர்கள் ஒவ்வொன்றாகக் கல்லில் உள்ளன. ஆளுக்கொரு வீடு, ஆண்டுக்கு நூறு கலம் நெல். இசைத்தோர்க்கும் பங்கு உண்டு. கலைக்குச் சோறு கிடைத்தது. ஆனால் கலைஞன் கோயிலுக்குக் கட்டுப்பட்டான். கொடுப்பவன் ஆண்டவன் பெயரால் கொடுத்தான்; வாங்குபவன் அடியவன் ஆனான். கருவிகளுக்கும் சாதி வந்தது. வீணைக்கு ஒரு கூடம், நாயனத்துக்கு ஒரு வாசல், பறைக்கு ஒரு சுடுகாடு என்று பிரித்தார்கள். தோல் ஒன்று, தாளம் ஒன்று, காது ஒன்று. நிற்கும் இடம் மட்டும் வேறு வேறு!

"அரசன் ஏழடி பின்னால் நடந்தானா?" என்று எங்கள் நண்பர் மறுபடியும் கேட்டார். "நடந்தான்" என்றார் ஆசிரியர். நண்பர் ஒன்றும் சொல்லவில்லை. மதகில் மெல்லத் தட்டிக்கொண்டிருந்தார்.

மறுநாள் பகலில் அம்மன் கோயில் திருவிழா. அங்கே பறைதான் தலைமை. அவருடைய தந்தை தலைமையில் எட்டுப் பேர், வைக்கோல் தீயில் பறையைக் காய்ச்சி, அடிக்குச்சியும் சிண்டுக்குச்சியும் பறக்க அடித்தார்கள். எங்கள் நண்பரும் அந்த வரிசையில் நின்றார். நாங்கள் நால்வரும் கைதட்டி, கூவி, ஆடியே விட்டோம். நண்பகலில் விழா நடத்தியவர் வீட்டில் சாப்பாடு. எங்களுக்குக் கூடத்தில் பந்தி. கொல்லைக் கதவு திறந்திருந்தது. வெளியே, தென்னையின் அடியில், மண்ணில் இலை போட்டு எட்டுப் பேர். எட்டாவது இலையில் எங்கள் நண்பர்.

அவர் நிமிர்ந்தார். எங்கள் கண்கள் சந்தித்தன.

நான் எழுந்து போயிருக்க வேண்டும். என் இலையை எடுத்துக்கொண்டு அந்தத் தென்னையடிக்குப் போயிருக்க வேண்டும். அல்லது, ஏன் இப்படி என்று ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். நான் குனிந்து என் இலையைப் பார்த்துக்கொண்டேன். படிப்பகம் நடத்தியவன்; மேடையில் சமத்துவம் முழங்கியவன்; முந்தைய இரவு கரிகாலன் கதை கேட்டுக் கண் கலங்கியவன்! இருபது நாழிகைகூட ஆகவில்லை.

தோழர்களே! இசையை நேசிப்பது எளிது. இசைத்தவனோடு அமர்ந்து உண்பதுதான் தேர்வு. அந்தத் தேர்வில் அன்று நான் தோற்றேன்.

*

எங்களுக்கு முன்பே அந்தத் தேர்வில் வென்றவர்கள் இருந்தார்கள். அதைப் பின்னால்தான் படித்தறிந்தேன்.

சுயமரியாதை இயக்கத்தின் தொடக்க ஆண்டுகளில், செட்டிநாட்டுக் கானாடுகாத்தானில் ஒரு திருமண ஊர்வலம். நாதசுரம் வாசித்தவர் மதுரை சிவக்கொழுந்து. வியர்வை துடைக்கத் தோளில் ஒரு துண்டு போட்டிருந்தார். 'நாயனக்காரன் தோளில் துண்டா? எடு!' என்று எழுந்தது எதிர்ப்பு. துண்டு இடுப்பில் இருக்கலாம், தோளில் இருக்கக்கூடாது. இடுப்பில் இருந்தால் பணிவு, தோளில் இருந்தால் திமிர்! ஒரு முழத் துணிக்குள் ஒரு சமுதாயத்தின் முழு அளவுகோலையும் சுருட்டி வைத்திருந்தார்கள். அங்கே இருந்த பட்டுக்கோட்டை அழகிரிசாமி, துண்டை எடுக்கக்கூடாது என்று எதிர்த்து நின்றார். அவர் கேட்டது இசையின் இலக்கணம் பற்றிய கேள்வியா? இல்லை. இசைப்பவன் மனிதனா, இல்லையா என்ற கேள்வி.

அதே கேள்விக்குத் தம் வாழ்க்கையையே விடையாக்கியவர் திருவாவடுதுறை இராசரத்தினம் பிள்ளை. 1898இல் திருமருகலில் பிறந்தவர். குடுமியை வெட்டிக் கிராப்பு வைத்தார். சட்டை இல்லாத உடம்போடு கைகட்டி நின்றவர்களின் மரபில் வந்தவர், நீண்ட மேலங்கி அணிந்து வந்தார். நின்றுகொண்டே வாசிக்க வேண்டும் என்ற வழக்கத்தை மறுத்து, மற்ற வித்துவான்களைப்போல் மேடையில் அமர்ந்து வாசித்தார். 'தோடி' என்றால் அவர் பெயர் நினைவுக்கு வரும் அளவுக்கு அந்த இராகத்தைத் தமதாக்கிக்கொண்டார்.

கருவியையும் அவர் விட்டுவைக்கவில்லை. பழைய 'திமிரி' நாயனம் குட்டையானது; சுருதி உயர்ந்தது. தெருவைக் கிழித்துக்கொண்டு போகும். ஆனால் அரங்கில், நுட்பமான ஆலாபனைக்கு அது ஏற்றதன்று. நரசிங்கம்பேட்டை அரங்கநாத ஆசாரியின் கைத்திறத்தைத் துணைகொண்டு, நீளம் கூடிய, சுருதி தாழ்ந்த 'பாரி' நாயனத்தை நிலைபெறச் செய்தார். பழைய வீடுகளின் தூணாகவும் உத்தரமாகவும் இருந்து முற்றிய ஆச்சாமரத்தைக் கடைந்து செய்வது இது. காவிரிக்கரை நாணலைப் பதப்படுத்திச் சீவாளி. ஆலாபனையில் மயங்கும் நாம், கடைசல் பட்டறையில் மரத்தூள் மூக்கில் ஏற உழைக்கும் கைவினைஞனை நினைப்பதே இல்லை. நரசிங்கம்பேட்டை நாதசுரத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது 2022இல்தான்.

இராசரத்தினத்தைக் கேட்கும் பேறு எங்கள் ஐவருக்கும் இல்லை. அவர் 1956 திசம்பர் 12இல் மறைந்தார். கேட்டவர்களைத் தேடிப்போய்க் கேட்டோம். அவர்கள் இசையைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினால், அவர் நடந்து வந்த நடையைப் பற்றி இரண்டு மணி நேரம் பேசினார்கள். அந்த நடைதான் அவர்களுக்குப் புதிதாக இருந்திருக்கிறது! இசையுலகம் தன் உச்ச விருதென்று போற்றும் சங்கீத கலாநிதிப் பட்டம் அவருக்குத் தரப்படவில்லை. அதனால் அவர் குறைந்துவிடவில்லை. பட்டந்தான் ஒரு நல்ல பெயரை இழந்தது.

அவர் திறந்த வாசலில் பலர் நுழைந்தார்கள். காருகுறிச்சி அருணாசலத்தின் நாதசுரம் 1962இல் 'கொஞ்சும் சலங்கை' வழியே தேநீர்க்கடை வானொலிவரை வந்தது. மதுரை எம். எஸ். பொன்னுத்தாய், பெண்ணுக்கு மூச்சு போதாது என்றவர்களின் வாயைத் தம் மூச்சாலேயே அடைத்தார். ஆந்திரத்தில் பிறந்து திருவரங்கத்தில் வாழ்ந்த இசுலாமியர் சேக் சின்ன மௌலானா, 1998இல் சங்கீத கலாநிதி ஆனார். மூச்சுக்கு மதம் ஏது?

இதற்கிடையே, மொழிக்கான போராட்டமும் நடந்தது. 1917இல் ஆபிரகாம் பண்டிதர் 'கருணாமிர்த சாகரம்' தந்து தமிழிசையின் தொன்மையை நிறுவ முனைந்தார். 1941இல் சிதம்பரத்தில் தமிழிசை மாநாடு. 1943இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம். தமிழன் மேடையில் தமிழ்ப் பாட்டு வேண்டும் என்று கேட்டதற்கே எத்தனை எதிர்ப்பு! அந்தப் போரில் பெரும்பகுதி வென்றோம். ஆனால் ஒன்றைக் கேட்க மறந்தோம். மேடையில் எந்த மொழி என்று கேட்டோம். மேடைக்கு வெளியே நிற்கும் தமிழ்க் கருவி எது என்று கேட்கவில்லை. பாட்டுக்குத் தமிழ் வந்தது. பறைக்கு மேடை வரவில்லை.

*

பறை தானே நடந்து வந்து மேடையில் ஏறியது. பிணத்துக்கு முன்னால் அடிப்பதைக் குலத்தொழிலாகச் சுமக்கமாட்டோம் என்று குச்சியைக் கீழே வைத்தவர்கள் ஒருபுறம். அதே குச்சியை, எங்கள் விருப்பத்தோடு, எங்கள் மேடையில் எடுப்போம் என்றவர்கள் மறுபுறம். இரண்டும் ஒரே தன்மானத்தின் இரு கைகள்.

2007இல் 'சென்னை சங்கமம்' தலைநகரின் பூங்காக்களுக்கும் தெருக்களுக்கும் பறையையும் கரகத்தையும் கூத்தையும் கொண்டுவந்தது. 2015இல் ஊரூர் ஆல்காட் குப்பத்து மீனவர் தெருவில் ஒரு விழா தொடங்கியது. சபா மேடையில் கேட்டு வந்த இசை அங்கே மணலில் அமர்ந்தது. 2018 சனவரியில் 'காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழு சென்னையில் முதன்முதலாக மேடையேறி, கானாவையும் பறையையும் கிதாரோடு சேர்த்துச் சாதியைப் பெயர் சொல்லிப் பாடியது. 2025இல் அலங்காநல்லூர் வேலு ஆசானுக்குப் பத்மசிறீ விருது அறிவிக்கப்பட்டது. பறையடித்த கைக்கு நாட்டின் விருது! பொருநன் பின்னே கரிகாலன் நடந்த ஏழடியில் ஓரடியையாவது நாடு நடந்துவிட்டது என்று மகிழ்ந்தேன்.

அந்த மகிழ்ச்சியில், எங்கள் ஊர்ப் படிப்பகத்து இளைஞர்கள் பள்ளித் திடலில் ஒரு மாலை நிகழ்ச்சி வைத்தார்கள். ஒரே மேடையில் நாதசுரமும் பறையும். ஐவரில் இப்போது எஞ்சியிருப்பது மூவர். ஆசிரியரும் தறிக்காரரும் மறைந்துவிட்டார்கள். தையற்காரரும் நானும் முன்வரிசையில் உட்கார்ந்தோம். எங்கள் மதகு நண்பர் மேடையில், எழுபதைத் தாண்டிய வயதில், பறையோடு. மல்லாரியை நாயனம் எடுக்க, அந்தத் தாளத்தை அவர் பறையில் வாங்கினார். மதகுக் கல்லில் விரலால் தட்டிக் காட்டிய அதே கணக்கு! ஐம்பது ஆண்டுகளாகத் தெருவுக்குள் வராமல் இருந்த அந்தக் கணக்கு, அன்றுதான் நாயனத்துக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. தையற்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டார். இருவரும் பேசவில்லை.

நிகழ்ச்சி முடிந்தது. ஒரு கைத்தறித் துண்டை அவர் தோளில் போர்த்தினேன். மறைந்துபோன நம் தறித் தோழரின் மகன் நெய்தது. கூட்டம் கைதட்டியது. பின்பு பந்தி, ஒரே வரிசை, அவர் இலைக்குப் பக்கத்து இலை என்னுடையது. அந்தத் தென்னையடியைப் பற்றி, இத்தனை காலம் சொல்லாமல் வைத்திருந்ததைச் சொன்னேன். "நான் குனிந்திருக்கக்கூடாது" என்றேன்.

அவர் சிரித்தார். "அன்றைக்கு நானும்தான் குனிந்தேன், நீ பார்த்துவிட்டாயே என்று" என்றார். பிறகு தோளில் கிடந்த துண்டைத் தொட்டுக்காட்டிக் கேட்டார்:

"துண்டு போட்டாய், மகிழ்ச்சி. நாளைக்கு ஊரில் ஒரு சாவு விழுந்தால், என் பேரனை அடிக்கக் கூப்பிட ஆள் வருவான். அவன் வரமாட்டேன் என்பான். அப்போது இந்தக் கைதட்டிய கூட்டத்தில் எத்தனை பேர் அவன் பக்கம் நிற்பீர்கள்?"

இதுதான் கேள்வி, தோழர்களே. அழகிரி அன்று துண்டைப் போடச் சொன்னவரல்லர். போட்ட துண்டை எடுக்காமல் காத்தவர். போர்த்துவது எளிது, படம் எடுத்துக்கொள்ளலாம். காப்பதற்கு ஆள் வேண்டும். அடிப்பதற்கு மேடை தருவது பாதி. அடிக்கமாட்டேன் என்று சொல்லும் உரிமைக்குத் துணை நிற்பது மறுபாதி. இரண்டும் சேர்ந்தால்தான் அது கலை. ஒன்று குறைந்தாலும் அது ஊழியம்.

எனவே இளைஞர்களே, போய்க் கேளுங்கள்! நண்பர்களைத் திரட்டிக்கொண்டு, திருவிழாத் தெருவுக்கும் பள்ளித் திடலுக்கும் போங்கள். நாயனத்துக்கு முன்னால் நடங்கள், பறைக்கு ஆடுங்கள், தொண்டை வற்ற 'ஆகா' சொல்லுங்கள். ஆனால் இசை ஓய்ந்தபின் உடனே வீட்டுக்குத் திரும்பிவிடாதீர்கள். கொல்லைக் கதவைத் திறந்து பாருங்கள். அங்கே தென்னையடியில் ஓர் இலை கிடந்தால், உங்கள் இலையையும் எடுத்துக்கொண்டு அங்கே போங்கள்.

மதகு நண்பருக்கு நான் சொன்ன விடை ஒரு சொல்தான்: "நிற்போம்." அதைத் தையற்காரரும் சொன்னார். பந்தி பரிமாறிக்கொண்டிருந்த படிப்பகத்து இளைஞர்கள் நால்வரும் சொன்னார்கள்.

ஆறு பேர் ஆயிற்று. எண்ணிக்கை போதாது. நீங்களும் சொல்லுங்கள்.